வீடும் பள்ளியும்: கொச்சி யூதர்கள் காத்ததும் இழந்ததும்



நம் தமிழ் மேடைகளில் யூதர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே வரலாறுதான் சொல்லப்படும். பேச்சு வழக்கிலிருந்து மறைந்துபோன எபிரேய மொழியை அவர்கள் மீட்டெடுத்தார்கள். எலியேசர் பென் யெகுடா என்பவர் 1882இல் பிறந்த தம் மகனிடம் எபிரேயத்தைத் தவிர வேறு மொழி பேசாமல் அவனை வளர்த்தார். ஆகவே தமிழர்களும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று பேச்சாளர் முடிப்பார். கைத்தட்டல் எழும். கூட்டம் கலையும்.

அந்த வரலாறு உண்மைதான். ஆயினும், தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அதற்கு முந்தைய காலத்தைப் பற்றியே கேள்விகள் எழுகின்றன. வீட்டிலும் கடைத்தெருவிலும் யாரும் பேசாத ஒரு மொழியை, ஏறத்தாழ 1,700 ஆண்டுக்காலம், சிறுபிள்ளைகள் எப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்? யார் கற்பித்தார்கள்? வீட்டின் பங்கு எவ்வளவு, பள்ளியின் பங்கு எவ்வளவு? பென் யெகுடா மீட்க முனைந்தபோது, எபிரேய எழுத்தறிந்த மக்கள் பல நாடுகளிலும் இருந்தார்கள். அந்த எழுத்தறிவை உயிரோடு வைத்திருந்தது யார் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

யூதர் என்றவுடன் மேற்காசியப் போரும் அரசியலும் நினைவுக்கு வருவது இயல்பு. இக்கட்டுரை அந்த அரசியலைப் பற்றியதன்று. சேர நாட்டுக் கரையிலும் நம் பினாங்கிலும் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றியது. அவர்கள் தம் பிள்ளைகளுக்கு எதை, எப்படிக் கொடுத்தார்கள் என்பதைப் பற்றியது.

நாகூர் சாலையில் ஒரு தொழுகைக்கூடம்

முதலில் நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். பினாங்கில் யூதர் வாழ்ந்தனர் என்பதே இன்றைய இளையோர் பலருக்குத் தெரியாது. பாக்தாத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வணிகத்தின் பொருட்டு வந்த குடும்பங்கள் அவை. ஜார்ஜ்டவுனில் அவர்களின் இடுகாடு இன்றும் இருக்கிறது. அங்குள்ள பழைய கல்லறைகளுள் ஒன்று 1835ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அச்சாலை முன்பு யூதர் சாலை, அதாவது ஜாலான் யாஹுடி என்றே அழைக்கப்பட்டது. பின்னர் ஜாலான் சைனல் அபிடின் எனப் பெயர் மாறியது.

அவர்களின் தொழுகைக்கூடம் நம் நாகூரின் பெயரைத் தாங்கிய நாகூர் சாலையில், 28ஆம் எண் வீட்டில், 1929இல் திறக்கப்பட்டது. 1976இல் மூடப்பட்டது. ஏன் மூடப்பட்டது தெரியுமா? யூத நெறிப்படி பொதுத் தொழுகை நடத்துவதற்கு அகவை வந்த ஆண்கள் 10 பேர் கூட வேண்டும். இந்தப் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு மின்யான் என்று பெயர். பினாங்கில் அந்தப் பத்துப் பேர் சேரவில்லை. கட்டடம் இருந்தது, ஏடுகள் இருந்தன, ஆள்தான் இல்லை.

பத்து என்ற எண் தமிழ்ப்பள்ளி வரலாற்றை அறிந்தவர்களுக்கு வேறொன்றையும் நினைவூட்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் அவர்களுக்குப் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்றது. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி. ஊரில் பத்து ஆண்கள் இருந்தால் ஒரு தொழுகை. சிறுபான்மையினரின் வாழ்வில் தலைக்கணக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை நாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரு வகுப்பில் 25 பேர்

யூதர்களின் மறைநூல் தோரா எனப்படும். பிள்ளைக்கு அதைக் கற்பிப்பது தந்தையின் கடமை என்பது தொன்மையான விதி. கேட்பதற்கு நல்ல விதிதான். ஆனால் தந்தையை இழந்த பிள்ளைக்கு யார் கற்பிப்பது? தந்தைக்கே எழுத்துத் தெரியாவிட்டால் என்ன செய்வது?

இந்தக் குறையை அவர்கள் எவ்வாறு தீர்த்தார்கள் என்பதைத் தல்மூத் என்னும் பெருநூல் பதிவு செய்திருக்கிறது. தொடக்கத்தில் எருசலேமில் மட்டும் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். தந்தை உள்ள பிள்ளைகள் அங்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள். இல்லாத பிள்ளைகள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆசிரியர்களை அமர்த்தி, 16, 17 அகவை இளைஞர்களைச் சேர்த்தார்கள். அந்த அகவையில் ஆசிரியர் சற்றுக் கடிந்துகொண்டாலும் மாணவன் முறைத்துக்கொண்டு வெளியேறிவிட்டானாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இடைநிலைப் பள்ளி ஆசிரிய நண்பர்கள் இதை நன்கு அறிவார்கள்!

இறுதியில் கி.பி. 60களில் தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர் இருக்க வேண்டும். 6 அல்லது 7 அகவையிலேயே பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும் என்பது அந்த ஏற்பாடு. இன்று நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் அகவையும் அதுவே.

தல்மூத் இத்தோடு நிற்கவில்லை. ஓர் ஆசிரியருக்கு 25 மாணவர்கள். 40 பேர் ஆனால் ஓர் உதவியாளர். 50 பேர் ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்று வகுப்பின் அளவையும் வரையறுத்தது. கல்விக்காகப் பிள்ளையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அலையவிடக் கூடாது என்றது. படிப்பில் பின்தங்கிய பிள்ளையை வெளியே அனுப்பாமல், நன்கு படிக்கும் பிள்ளையின் அருகில் துணையாக அமர்த்தி வைக்கச் சொன்னது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் தடித்த நூல்களில் படித்த கருத்துகள் பலவும் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே எழுதப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தேன்.

கி.பி. 70இல் உரோமர்கள் எருசலேம் கோயிலை அழித்தார்கள். யோசுவா பென் கம்லாவின் ஏற்பாட்டுக்குப் பின் ஒரு தலைமுறைகூட ஆகியிருக்கவில்லை. கோயிலும் பலி வழிபாடும் போயின. யோகனான் பென் சக்காய் என்னும் அறிஞர் யவ்னே என்ற ஊரில் கல்விக்கூடம் நடத்தினார். கோயிலை மையமாகக் கொண்டிருந்த சமயம், அதன் பிறகு நூலையும் படிப்பையும் மையமாகக் கொண்ட சமயமாக மெல்ல மாறியது. கோயிலைச் சுமந்துகொண்டு நாடு நாடாகச் செல்ல முடியாது. நூலைச் சுமந்து செல்ல முடியும். அந்த நூலைப் படிக்கத் தெரிந்த பிள்ளை இல்லாவிட்டால் சுமந்தும் பயனில்லை. ஆகவேதான் சிறுவர் கல்வி அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற செய்தியாயிற்று.

பிள்ளை கேள்வி கேட்கும் இரவு

பள்ளி இவ்வாறிருக்க, வீடு என்ன செய்தது?

யூதரின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது தொடங்குகிறது. வீட்டுத் தலைவி விளக்கேற்றுவார். பெற்றோர் பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து வாழ்த்துவார்கள். திராட்சைச் சாற்றுக் கிண்ணத்தை ஏந்தி எபிரேயத்தில் மந்திரம் சொல்லி, அப்பத்தைப் பகிர்ந்து, குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து உண்பார்கள். இது வாரந்தோறும் நடப்பது. ஆகவே, எழுத்துத் தெரியாத மூன்று அகவைக் குழந்தையின் காதிலும் ஆண்டுக்கு ஐம்பது முறைக்கு மேல் அதே எபிரேயச் சொற்கள் விழுந்துவிடுகின்றன. பள்ளிக்கு வரும்போது அம்மொழி அக்குழந்தைக்கு அந்நியமாக இருப்பதில்லை.

பாஸ்கா திருநாளின் இரவு இன்னும் நுட்பமானது. எகிப்தின் அடிமை வாழ்விலிருந்து முன்னோர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் இரவு அது. அன்று விருந்துப் பலகையில் புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் இருக்கும். இன்று மட்டும் உணவு ஏன் இப்படி மாறியிருக்கிறது என்று வீட்டின் கடைக்குட்டி எழுந்து கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பெரியவர்கள் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவார்கள்.

பிள்ளைகள் நான்கு வகை என்றும் அன்றைய வழிபாட்டு ஏடு பிரித்துக் காட்டுகிறது. அறிவுள்ள பிள்ளை, முரண்டு பிடிக்கும் பிள்ளை, வெள்ளந்தியான பிள்ளை, கேட்கவே தெரியாத பிள்ளை. ஒவ்வொருவருக்கும் விடை வேறு வகையில் அமைய வேண்டும். கேட்கத் தெரியாத பிள்ளைக்குப் பெற்றோரே பேச்சைத் தொடங்கி வைக்க வேண்டும். நம் வீடுகளில் பொங்கலும் தீபாவளியும் வருகின்றன. பானை ஏன் பொங்க வேண்டும் என்று பிள்ளை கேட்பதற்கு நாம் நேரம் ஒதுக்குகிறோமா? கேட்டால், போய்க் குளித்துவிட்டு வா என்று அனுப்பிவிடுகிறோம் அல்லவா?

சேர மன்னனின் செப்பேடு

இந்தக் குடும்ப முறையும் கல்வி முறையும் நம் மொழிக்கு மிக நெருங்கிய ஒரு மண்ணில் எப்படி வாழ்ந்தன என்பதற்குக் கொச்சி யூதர்கள் சான்று.

கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகள் சில எபிரேய எழுத்தில் உள்ளன. ஏறத்தாழ கி.பி. 1000இல், பாற்கர இரவிவர்மன் என்னும் சேர மன்னன், முயிரிக்கோட்டில் இருந்தபடி ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் செப்பேடு ஒன்றை வழங்கினான். அதன் எழுத்து வட்டெழுத்து. அதன் மொழி, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி. பல்லக்கு, குடை, பகல்விளக்கு, முரசு முதலிய 72 உரிமைகள் அவருக்குக் கிடைத்தன. அவ்வுரிமைகள் அவருடைய ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் உடன்பிறந்தார் மக்களுக்கும் மகளை மணந்த மருமகன்களுக்கும் வழிவழியாகச் சேரும் என்று செப்பேடு கூறுகிறது.

பின்னர் அம்மக்கள் கொடுங்கல்லூரிலிருந்து தெற்கே நகர்ந்து கொச்சி அரசரின் காவலில் வாழ்ந்தனர். மட்டாஞ்சேரியில் அரண்மனையையொட்டி 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடம் இன்றும் உள்ளது. கொச்சி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் அவர்களின் தொழுகைக்கூடங்கள் இருந்தன. மொத்த மக்கள்தொகை 20ஆம் நூற்றாண்டிலும் சில ஆயிரத்தைத் தாண்டவில்லை.

பட்டம் பெற்ற சமயக் குருமார் அவர்களிடையே இல்லை. ஊரில் கற்றறிந்த பெரியவர்களே தொழுகையை நடத்தினார்கள். அவர்களே பிள்ளைகளுக்கு எபிரேயமும் கற்பித்தார்கள். 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசஸ் பெரேரா டி பைவா என்னும் யூதர் கொச்சிக்கு வந்து அவர்களைக் கண்டு, மறு ஆண்டே அறிக்கை ஒன்றை அச்சிட்டார். அதன் பின் ஆம்ஸ்டர்டாமில் அச்சான எபிரேய நூல்கள் கொச்சிக்கு வரலாயின. எங்கோ ஒரு கடற்கரையில் வாழும் சிறு கூட்டம், ஐரோப்பாவில் அச்சான நூலைப் பிரித்துப் படிக்கத் தெரிந்து வைத்திருந்தது என்றால், இடைப்பட்ட தலைமுறைகள் கற்பித்தலை நிறுத்தவில்லை என்றுதானே பொருள்!

கேரளத் தொழுகைக்கூடங்களின் கட்டட அமைப்பே இதைச் சொல்லும். வேறெங்கும் அரிதாகக் காணப்படும் வகையில், மேல்தளத்தில், பெண்கள் அமரும் மாடத்தின் முன்பாக, தோராவை ஓதும் மேடை இரண்டாவதாக ஒன்று இருந்தது. சில கூடங்களில் அம்மாடத்தையொட்டியே சிறுவர் பாடம் கேட்கும் அறையும் இருந்தது. தாய்மார் தொழும் இடம், மறை ஓதும் மேடை, பிள்ளைகள் படிக்கும் அறை மூன்றும் அருகருகே இருந்தன.

பாஸ்காவுக்கு முன்னதாகப் பல வாரங்கள் கொச்சி வீடுகளில் வேலை நடக்கும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். கிணற்றை இறைத்துத் தூய்மை செய்வார்கள். அரிசியையும் மசாலைப் பொருள்களையும் பொறுக்கிச் சுத்தம் செய்து தனியே எடுத்து வைப்பார்கள். அந்த வேலைகளில் பெண்களே முதன்மை. சமயம் அவ்வீடுகளில் அடுக்களையிலும் கற்பிக்கப்பட்டது.

கார்குழலி

கொச்சிப் பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பல இடங்களில் யூதச் சிறுவர்கள் மறைப்பள்ளிக்குச் சென்றபோது சிறுமியர் வீட்டிலேயே இருந்தார்கள். போலந்தின் கிராக்கோ நகரில் தையல் தொழில் செய்த சாரா செனீரர் என்னும் பெண்மணி 1917இல் சமய நெறியில் நின்று சிறுமியருக்கென முறையான பள்ளி தொடங்கியது அங்கே பெரும் திருப்பமாகக் கருதப்படுகிறது. கொச்சியிலோ அதற்கு முன்பே பெண்பிள்ளைகளும் எபிரேயம் படிக்கக் கற்றார்கள். தொழுகை ஏட்டைப் பிரித்துப் பின்தொடர அவர்களுக்குத் தெரியும்.

அதோடு அவர்களிடம் இன்னொரு செல்வமும் இருந்தது. திருமணத்திலும் திருநாளிலும் பெண்கள் ஒன்றுகூடிப் பாடும் மலையாளப் பாட்டுகள். மறைநூல் மாந்தர்களின் கதைகள், மணமகளின் அழகு, ஒவ்வொரு தொழுகைக்கூடமும் கட்டப்பட்ட வரலாறு, கிளியை விளித்துப் பாடும் பாட்டு எனப் பல வகை. அவற்றைக் கையெழுத்து ஏடுகளில் எழுதி, தாய் மகளுக்கும் பாட்டி பேத்திக்கும் கொடுத்துவந்தார்கள். ஆண்கள் இருக்கும் அவையிலும் பெண்கள் பாடினார்கள்.

அப்பாட்டுகளின் தொகுப்பு ஒன்று 2005இல் எருசலேமில் எபிரேய மொழிபெயர்ப்போடு வெளிவந்தது. ஸ்கறியா சக்கரியா என்னும் மலையாள அறிஞரும் ஒஃபிரா கம்லியேல் என்னும் ஆய்வாளரும் அதைப் பதிப்பித்தார்கள். அந்நூலின் பெயர் என்ன தெரியுமா? கார்குழலி! கருமேகம் போன்ற கூந்தலை உடையவள். அகராதி தேவைப்படாமல் நமக்குப் புரியும் சொல் அன்றோ?

கொச்சியில் பிறந்த ரூபி டேனியல் அம்மையார் (1912–2002) இப்பாட்டுகள் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றியவர். 1951இல் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தார். பார்பரா ஜான்சன் என்னும் ஆய்வாளரின் துணையோடு தம் வாழ்க்கை வரலாற்றை 1995இல் நூலாக வெளியிட்டார். கொச்சி யூத வீட்டின் உள்பக்கத்தைப் பெண்ணின் பார்வையிலிருந்து நாம் அறிய அந்நூல் பேருதவி புரிகிறது.

உள்ளே எழுந்த சுவர்

நல்லதை மட்டும் சொல்லி அல்லதை மறைப்பது வரலாறு ஆகாது. இச்சிறு கூட்டத்துக்குள்ளும் வேற்றுமை இருந்தது. ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிற்காலத்தில் வந்த பரதேசிகள், பழங்குடிகளான மலபார் யூதர்களோடு மண உறவு கொள்ளவில்லை. தம்மிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்களைத் தம் தொழுகைக்கூடத்தில் சமமாக அமரவிடவில்லை. அவர்கள் தரையிலும் வாயிற்படிப் பக்கத்திலும் அமர வேண்டியிருந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் சமூகத்திலேயே இது நடந்தது என்பதுதான் வேதனை.

அவ்வாறு ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் ஏ.பி.சேலம் (1882–1967). சென்னையில் பட்டப்படிப்பும் சட்டமும் முடித்து வழக்கறிஞரானார். காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே கையாண்டார். யூத காந்தி என்றே அவரை அழைத்தார்கள். படிப்படியாகத் தடைகள் நீங்கின. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒரு காலத்தில் சிலரைப் படியில் அமரவைத்த அதே பரதேசித் தொழுகைக்கூடம், பிற்காலத்தில் பத்துப் பேரைச் சேர்க்க வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தது.

1954க்குப் பிறகு

1948இல் இசுரேல் அமைந்தது. 1954ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாக அங்கே குடிபெயர்ந்தனர். அவர்களை யாரும் விரட்டவில்லை. தலைமுறை தலைமுறையாக எருசலேமை நோக்கித் தொழுதவர்கள் என்பதால் சமயப் பற்றே முதன்மைக் காரணமாயிற்று. தோராச் சுருள்களையும் பாட்டேடுகளையும் உடன் கொண்டுசென்றார்கள். நெவாதிம், மெசிலாத் சியோன் முதலிய வேளாண் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள்.

அங்கே நடந்ததைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அவர்கள் கொண்டுசென்றவை இரண்டு: எபிரேயம், மலையாளம். எபிரேயம் அவர்களின் தொழுகையிலும் இருந்தது; புதிய நாட்டில் பள்ளியிலும் தெருவிலும் அலுவலகத்திலும் இருந்தது. அது தழைத்தது. மலையாளமோ வீட்டில் மட்டுமே இருந்தது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து எபிரேயத்தோடு திரும்பினார்கள். பெற்றோரும் மெல்ல மெல்ல அதற்கு மாறினார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் மலையாளம் பேசினார்கள்; பேரப்பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பாட்டிமாரின் ஏடுகள் பெட்டிக்குள் போயின. 1970களில் ஆய்வாளர்கள் அந்த ஏடுகளைத் தேடித் திரட்டத் தொடங்கியபோது, அவற்றைப் பாடத் தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். 1,700 ஆண்டுகள் யாருடைய தாய்மொழியாகவும் இல்லாத எபிரேயம் பிழைத்தது; நூற்றாண்டுகளாகத் தாய்மொழியாகவே இருந்த மலையாளம் ஏறத்தாழ இரண்டு தலைமுறைகளில் அவர்களிடையே தேய்ந்தது. காரணம் மொழியின் வலிமையன்று. எபிரேயத்தை வீடும் பள்ளியும் சேர்ந்து தாங்கின. மலையாளத்துக்கு வீடு ஒன்றே துணையாக இருந்தது.

கொச்சியில் தங்கியவர்களோ சிலர். மட்டாஞ்சேரியில் பூத்தையல் கடை நடத்திய சாரா கோகன் அம்மையார் 2019இல், 96 அகவையில் மறைந்தார். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் உட்புறம் எருசலேம் அருங்காட்சியகத்தில் 1995 முதல் காட்சிக்கு உள்ளது. பரவூர், சேந்தமங்கலம் கூடங்களும் காட்சியகங்களாகிவிட்டன. பாடம் கேட்ட அறையில் இன்று சுற்றுப்பயணிகள் நடக்கிறார்கள்.

இன்றைய நிலை

இசுரேலில் 1953ஆம் ஆண்டின் சட்டப்படி அரசுப் பொதுப்பள்ளி, அரசுச் சமயப்பள்ளி என இரு பிரிவுகள் உள்ளன. கடும் சமய நெறியாளர்கள் தனிப்பள்ளிகளை நடத்துகிறார்கள். அப்பள்ளிகள் பலவற்றில் ஆண்பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் போதிய அளவு கற்பிக்கப்படாதது அந்நாட்டில் நெடுநாளாக நடக்கும் விவாதம். சமயக் கல்வி தழைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் சிறிய யூதச் சமூகம் உள்ளது. வாட்டர்லூ தெருவில் 1878இல் எழுந்த மகாயின் அபோத் தொழுகைக்கூடமும், மனாசே மேயர் என்னும் செல்வந்தர் 1905இல் கட்டிய செசெட் எல் தொழுகைக்கூடமும் இன்றும் இயங்குகின்றன. மேயரின் பெயரால் ஒரு பள்ளியும் நடக்கிறது. பினாங்கில் தொழுகைக்கூடம் நிலைக்கவில்லை, சிங்கப்பூரில் நிலைத்தது. ஆள்வரத்து ஒரு காரணம். வந்தவர்களின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி இருப்பதும் அச்சமூகத்துக்கு ஊன்றுகோல்தான்.

நாம் எங்கே நிற்கிறோம்?

பினாங்கு இலவசப் பள்ளியில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கியது முதல் நம் நாட்டுத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு வரலாறு உண்டு. இன்றும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கொச்சி யூதரின் மலையாளத்துக்குக் கிடைக்காத பள்ளி என்னும் பேறு நம் தமிழுக்குக் கிடைத்திருக்கிறது. இதை நாம் உணர்ந்திருக்கிறோமா?

ஆயினும் 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகள் நம்மிடையே நிறைய உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்கு வந்துவிட்டார்கள். இங்கே ஷா ஆலத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பத்துப் பிள்ளைகள் கூடாத வகுப்பறைகளை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு மாற்றமும் கண்முன் நடக்கிறது. முன்பு பிள்ளைகள் தமிழைப் பேசிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் எழுதப் படிக்கக் கற்பித்தோம். இப்போது சில பிள்ளைகள் எழுத்தைப் பிழையின்றி உச்சரித்துப் படிக்கிறார்கள். பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். வீட்டில் பெற்றோர் ஆங்கிலம் பேசுகிறார்கள். தேவாரத்தை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு பெறும் பிள்ளைக்கும் அதன் பொருள் தெரிவதில்லை. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். கொச்சி மலையாளத்துக்கு வீடு இருந்தது, பள்ளி இல்லை. நம் பிள்ளைகள் சிலருக்குப் பள்ளி இருக்கிறது, வீடு இல்லை. எந்தக் கால் ஒடிந்தாலும் நொண்டுவது ஒன்றுதான்.

தமிழாசிரியர்களால் இயன்றதை நாங்கள் செய்வோம். நாளொன்றுக்குச் சில மணி நேரம் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். எஞ்சிய நேரம் உங்களிடம்தான் இருக்கிறார்கள். பெரிய திட்டம் ஏதும் வேண்டா. வாரத்தில் ஓர் இரவு, தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, குடும்பமாக அமர்ந்து உண்ணுங்கள். அந்த நேரத்தில் தமிழில் மட்டும் பேசுங்கள். பிள்ளையை ஏதேனும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேட்கத் தெரியாவிட்டால் நீங்களே பேச்சைத் தொடங்கி வையுங்கள்.

இன்னும் ஒன்று. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமார் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அவர்கள் நாவில் இருக்கின்றன. கொச்சிப் பெண்களாவது ஏடுகளில் எழுதி வைத்தார்கள். நம் பாட்டிமார் பலருக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை. பள்ளி திறந்ததும் கொண்டுவரட்டும். திருத்தித் தர நாங்கள் இருக்கிறோம்.